நெல்லுக்குள் அடங்கிப்போன 22 எழுத்து

பெங்களூரின் ஜோகுபாளையத்து அரிசிக் கடை வாசலில் மூட்டைகள் வாய் திறந்து வரிசையாக நிற்கும். சோனா மசூரி, பொன்னி புழுங்கல், இட்லி அரிசி, பச்சரிசி. சில கடைகளில் கர்நாடகத்தின் ராஜமுடியும் கிடைக்கும். “பழசு வேணுமாக்கா, புதுசு வேணுமா?” என்று தமிழில்தான் கேட்பார்கள். அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பகுதியில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவருகின்றன. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, நொய் எவ்வளவு, கருப்பு உண்டா, மணி எவ்வளவு நீளம் என்று பார்த்து வாங்கும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை.

அந்த அரிசி இன்றைய அரிசியாக ஆனது எப்படி என்ற கேள்விக்கு இதே ஊரிலிருந்து 2018ஆம் ஆண்டு ஒரு புதிய விடை வந்தது. வடக்கே பெல்லாரி சாலையில், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. என்.சி.பி.எஸ். என்றால் சட்டென்று தெரியும். அங்கே பி.வி. சிவபிரசாத்தின் ஆய்வகத்தில் சி. ஸ்வேதாவும் சக ஆய்வாளர்களும் காட்டு நெல், நாட்டு ரகம், அதிக மகசூல் ரகம் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் செல்களில் உள்ள மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளைப் படித்து ஒப்பிட்டார்கள். காட்டு நெல்லில் ஏராளமாக இருந்த ஒரு துண்டு, அதிக மகசூல் தரும் இண்டிகா ரகங்களில் இல்லை என்றே சொல்லிவிடலாம் என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. அதன் நீளம், ஆர்.என்.ஏ.வின் ஏ, யூ, ஜி, சி எழுத்துகளில் எண்ணினால், 22 எழுத்து. பெயர் மிர்-397. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ நோபல் என்றதும் பேச்சு புற்றுநோய், மருந்து என்று போய்விடுகிறது. என்னைக் கேட்டால், மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் புரிந்துகொள்ளச் சோறு தின்னும் நமக்கு நெல்லைவிட நல்ல வழி கிடையாது.

பட்டியல், டோக்கன், தோசை

நம் தோல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. ஒன்றேதான். நெல்லின் வேரிலும் கதிரிலும் அப்படித்தான். எல்லாச் செல்லும் எல்லா மரபணுவையும் வைத்திருக்கிறது. ஆனால் எதை, எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்பதில்தான் வேரும் கதிரும் பிரிகின்றன. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள்.

பெங்களூர் தர்ஷினியில் சாப்பிட்டவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். விலைப் பட்டியல் சுவரில் மாறாமல் தொங்கும். கல்லாவில் காசு கொடுத்தால் டோக்கன். டோக்கனை நீட்டினால்தான் தோசை. டி.என்.ஏ. அந்தப் பட்டியல், அது உட்கருவை விட்டு வெளியே வராது. தேவையான மரபணுவுக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கப்படும். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ., அதாவது டோக்கன். ரைபோசோம் என்னும் அடுப்படியில் அதைப் படித்துப் புரதம் செய்கிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்று, குறிப்பிட்ட சில டோக்கன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; சிலவற்றைக் கிழித்தும் போட்டுவிடும். பட்டியலில் தோசை இருக்கிறது, காசும் வாங்கியாகிவிட்டது. தோசை மட்டும் குறைவாக வரும்.

இப்படி ஒரு ஆள் நடுவில் நிற்கிறார் என்பதே 1993 வரை யாருக்கும் தெரியாது. மரபணுவைக் கட்டுப்படுத்துவது என்றால் நகல் எடுக்கும் இடத்தில், டி.என்.ஏ.வில் போய் உட்காரும் புரதங்களின் வேலை என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன.

ஒரு மில்லிமீட்டர் புழு

சி. எலிகன்ஸ் என்பது மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு. அதில் லின்-4 என்ற மரபணு கெட்டுப்போனால், புழு வளர்ச்சியில் முதல் கட்டத்தையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். லின்-14 கெட்டால் நேர்மாறு. சில கட்டங்களைத் தாண்டி அவசரமாக முதிர்ந்துவிடும். ஆம்ப்ரோஸும் ரவ்கனும் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். பிறகு ஆளுக்கொரு ஆய்வகம் அமைத்துக்கொண்டு, ஒருவர் லின்-4ஐயும் மற்றவர் லின்-14ஐயும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4ஐத் தேடிப் பிடித்தபோது, அங்கே புரதத்துக்கான செய்தியே இல்லை. இருந்தது 22 எழுத்தில் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. மட்டும். ரவ்கனின் ஆய்வகத்திலோ, லின்-14இன் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில், புரதச் செய்தி முடிந்த பிறகு வரும் இடத்தில், கட்டுப்பாடு ஒளிந்திருப்பது தெரிந்தது. 1992 ஜூன் 11 மாலை இருவரும் தங்களிடம் இருந்த எழுத்து வரிசைகளைத் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். ‘ஏ’ வந்த இடத்துக்கு எதிரே ‘யூ’, ‘ஜி’ வந்த இடத்துக்கு எதிரே ‘சி’ என்று இரண்டும் பொருந்தின. ஓரிடத்தில் இல்லை, லின்-14இன் வாலில் அப்படி ஏழு இடங்கள்.

1993 டிசம்பரில் ‘செல்’ இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஏதோ புழுவின் விசித்திரம் என்று நினைத்துவிட்டார்கள். 2000இல் ரவ்கனின் ஆய்வகம் லெட்-7 என்ற இரண்டாவது துண்டைக் கண்டுபிடித்து, அது ஈயிலும் மீனிலும் மனிதனிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருப்பதைக் காட்டிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2001இல் ஒரே இதழில் மூன்று குழுக்கள் இப்படிப்பட்ட துண்டுகளைக் கூட்டம் கூட்டமாக அறிவித்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயரும் அப்போதுதான் வந்தது.

எப்படித் தயாராகிறது?

மைக்ரோ ஆர்.என்.ஏ. 22 எழுத்தாகவே பிறப்பதில்லை. நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் எழுத்துகள் கொண்ட நீண்ட இழையாகத்தான் டி.என்.ஏ.விலிருந்து நகலெடுக்கப்படுகிறது. அந்த இழையின் ஒரு பகுதியில் உள்ள எழுத்துகள், சற்றுத் தள்ளி வரும் எழுத்துகளோடு ஜோடி சேரும்படி அமைந்திருக்கும். அதனால் இழை தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இந்த மடிப்புதான் அடையாளம். இதைப் பார்த்துத்தான் செல்லுக்குள் இருக்கும் கத்தரிகள் வேலையைத் தொடங்குகின்றன.

மனிதன் உள்ளிட்ட விலங்குகளில் முதல் கத்தரி ட்ரோஷா. 2003இல் தென்கொரியாவின் நாரி கிம்மின் குழு இதன் வேலையைக் கண்டறிந்தது. டி.ஜி.சி.ஆர்-8 என்ற புரதம் துணை நிற்க, ட்ரோஷா உட்கருவுக்குள்ளேயே கொண்டை ஊசியின் அடியிலிருந்து ஏறத்தாழ 11 ஜோடி எழுத்து மேலே அளந்து வெட்டும். மிஞ்சுவது 60, 70 எழுத்துள்ள துண்டு. எக்ஸ்போர்ட்டின்-5 அதைப் பிடித்து உட்கருவின் துளை வழியே வெளியே கொண்டுபோகிறது. வெளியே டைசர் காத்திருக்கும். அது இரண்டாவது கத்தரி. ஒரு முனையைத் தன்னுள் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து 22 எழுத்து தூரத்தில் மறுமுனையின் வளைவை வெட்டிவிடும். இந்தப் புரதத்தின் உடலே அளவுகோல். நீளம் தற்செயலாக அமைவதில்லை.

இப்போது கையில் இருப்பது இரண்டு இழைகள் ஒட்டிய குட்டித் துண்டு. ஆர்கோனாட் என்ற புரதம் அதை வாங்கிக்கொண்டு, ஓர் இழையை வைத்துக்கொள்கிறது, மற்றதைக் கழித்துவிடுகிறது. வைத்துக்கொண்ட இழைதான் வழிகாட்டி. அதை வைத்து ஆர்கோனாட் தூது ஆர்.என்.ஏ.க்களைத் துழாவும். விலங்குகளில் 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது வரை உள்ள ஏழு எழுத்து பொருந்தினாலே போதும். அதை விதைப் பகுதி என்கிறார்கள். பொருத்தம் கிடைத்ததும் வேறு புரதங்கள் வந்து சேர்ந்து, தூது ஆர்.என்.ஏ.வின் வாலில் உள்ள ‘ஏ’ எழுத்துகளைக் கொறித்துக் குறைக்கின்றன. தலையில் உள்ள தொப்பியைக் கழற்றுகின்றன. புரதம் செய்வது தடைபடுகிறது, பிறகு தூது ஆர்.என்.ஏ.வே அழிகிறது.

ஏழு எழுத்தே போதும் என்பதால் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும். மனிதனில் புரதம் செய்யும் மரபணுக்களில் 60 சதவீதத்துக்கு மேல் இவற்றின் பிடியில் இருப்பதாக 2009இல் வந்த கணக்கு சொல்கிறது. ஒவ்வொன்றின் மீதும் உள்ள பிடி பெரும்பாலும் லேசானதுதான். புரதத்தின் அளவைக் கொஞ்சம் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. ஆனால் எல்லாம் சேரும்போது கணக்கு பெரிதாகிவிடுகிறது. மிர்-96இன் விதைப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் சில குடும்பங்களில் பரம்பரையாகக் காது கேளாமை வந்ததை 2009இல் கண்டார்கள்.

பிடித்த டோக்கனைத் திருப்பித் தருவதும் உண்டு. நரம்பு செல்களின் சந்திப்பில் பி.எஸ்.டி-95 என்ற புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வை மிர்-125ஏ பிடித்து வைத்திருப்பதையும், சமிக்ஞை வந்ததும் விட்டுவிடுவதையும் 2011இல் ரவி முத்தஷெட்டி சக ஆய்வாளர்களோடு அமெரிக்காவில் காட்டினார். பின்னர் அவர் பெங்களூருக்கு வந்து ஆய்வைத் தொடர்ந்தார். பின்னர் கொல்கத்தாவில் ஆய்வு செய்த சுவேந்திர பட்டாச்சார்யாவும் பாசெல் நகரில் இருந்தபோது, 2006இல், கல்லீரல் செல்களில் இதேபோன்ற விடுவிப்பைக் கண்டவர்.

செடியின் வழி வேறு

செடிகளில் ட்ரோஷா இல்லை. டைசரின் உறவான டி.சி.எல்-1 என்ற ஒரே புரதம் உட்கருவுக்குள்ளேயே இரண்டு வெட்டையும் வெட்டிவிடுகிறது. வெட்டிய துண்டு சிதையாமல் இருக்க அதன் நுனியில் ஹென்-1 ஒரு மீத்தைல் மூடி போடுகிறது. இலக்கைத் தேடும் விதமும் மாறுகிறது. செடியில் ஏழு எழுத்து போதாது, ஏறக்குறைய முழு வரிசையும் பொருந்த வேண்டும். பொருந்தினால் ஆர்கோனாட் பத்தாவது எழுத்துக்கும் பதினொன்றாவது எழுத்துக்கும் நேராகத் தூது ஆர்.என்.ஏ.வை இரண்டாக வெட்டிவிடும்.

செடியின் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலும் 21 எழுத்து நீளம். ஒன்று கூடி 22 ஆனால் கதை மாறிவிடும். 22 எழுத்துத் துண்டு வெட்டிய தூது ஆர்.என்.ஏ. அத்தோடு விடப்படுவதில்லை. ஆர்.டி.ஆர்-6 என்ற நொதி அதைப் பிடித்து அதற்கு எதிரிழை ஒன்றைக் கட்டுகிறது. இரட்டை இழையானதும் இன்னொரு கத்தரி வந்து அதை 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் புதிய வழிகாட்டியாகி, அதே வகைத் தூது ஆர்.என்.ஏ.க்களைத் தேடிப் போகும். ஒரு வெட்டு அலை அலையாகப் பரவுகிறது.

ஓர் எழுத்தின் கனம் இவ்வளவா என்று முதலில் படித்தபோது நான் மலைத்துப்போனேன்.

காட்டு நெல்லும் வயல் நெல்லும்

குளத்தங்கரையிலும் ஓடைப் பள்ளத்திலும் தானாக முளைத்து நிற்கும் காட்டு நெல்லைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். தண்டு மெலிந்து சாய்ந்து பரவும். மணிக்கு நீண்ட மீசை. முற்றியதும் மணி தானாக உதிர்ந்துவிடும். கதிரில் மணியும் குறைவு. இதிலிருந்து நிமிர்ந்து நின்று, அறுக்கும்வரை மணியைப் பிடித்து வைத்திருந்து, நிறைய விளையும் நெல்லை மனிதன் பிரித்தெடுத்தான். மணி உதிர்வதை நிறுத்திய மாற்றம் எஸ்.எச்-4 என்ற மரபணுவில் நடந்தது என்று 2006இல் கண்டார்கள். தரையோடு படர்வதை நிறுத்தியது ப்ராக்-1 என்று 2008இல் தெரிந்தது. இரண்டுமே மற்ற மரபணுக்களை நடத்தும் புரதங்களுக்கான மரபணுக்கள். இந்தப் பட்டியலில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் சேர்த்தது பெங்களூர்.

மிர்-397 குறிவைப்பது லாக்கேஸ் என்ற நொதிகளை. செம்பைத் தாங்கிய இந்த நொதிகள் செல் சுவரில் லிக்னினைக் கட்ட உதவுபவை. லிக்னின்தான் மரத்தை மரமாக்குவது; வைக்கோலுக்கு விறைப்பு தருவதும் அதுவே. காட்டு நெல்லில் மிர்-397 ஏராளம், அதுவும் 22 எழுத்து வடிவத்தில். அதனால் லாக்கேஸின் தூது ஆர்.என்.ஏ.க்கள் வெட்டப்பட்டு, ஆர்.டி.ஆர்-6 வழியாக அடுத்த அலையும் கிளம்பி, லாக்கேஸ் குறைந்து, லிக்னினும் குறைந்திருந்தது. வயல் நெல்லில் மிர்-397 அடங்கிவிட்டது. லாக்கேஸ் தடையின்றி வேலை செய்கிறது.

இது வெறும் உடனிகழ்வாக இருக்கலாம் அல்லவா? அதைச் சோதிக்க, வயல் நெல்லில் மிர்-397ஐச் செயற்கையாக மிகுதிப்படுத்திப் பார்த்தார்கள். செடி காட்டு நெல்லின் குணங்களுக்குத் திரும்பத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உழவர்கள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததில் ஒரு பகுதியை ஒரு சிறு ஆர்.என்.ஏ. பின்னோக்கி நடத்திவிட்டது. இன்னொன்றும் பார்த்தார்கள். நெல் விளைச்சலோடு தொடர்புள்ளவை என்று முன்பே குறித்து வைக்கப்பட்டு, உள்ளே எந்த மரபணு காரணம் என்று தெரியாமல் கிடந்த பகுதிகளில் குறைந்தது 26 பகுதிகள், லாக்கேஸ் அல்லது மிர்-397 மரபணுக்கள் இருக்கும் இடங்களோடு பொருந்தின. நெல் விளைச்சலைத் தேடுகிறவர்களுக்கு இது புதையலுக்கு வழி சொன்ன மாதிரி.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2013இல் சீன ஆய்வாளர்கள் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வில், நெல்லில் மிர்-397ஐ மிகுதிப்படுத்தியபோது மணி பெருத்தது, கதிர் அதிகம் கிளைத்தது, மகசூல் கூடியது என்று எழுதினார்கள். இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் முரண்போலத் தோன்றும். எனக்கு இது அறிவியலின் பலவீனமாகத் தெரியவில்லை. எந்த நெல், எந்த நீள வடிவம், எந்தத் திசு, எவ்வளவு என்பதைச் சொல்லாமல் ‘இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. நல்லது, இது கெட்டது’ என்று பேச முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதை விதை வியாபாரிகளும் மருந்து வியாபாரிகளும் மறந்துவிடுவார்கள். நாம் மறக்கக் கூடாது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்கும் முயற்சிகளிலும் இந்தச் சிக்கல்தான் குறுக்கே வருகிறது. மிர்-34ஐப் பின்பற்றிச் செய்த புற்றுநோய் மருந்தின் சோதனை 2016இல் கடுமையான பக்கவிளைவுகளால் நிறுத்தப்பட்டது.

சிவபிரசாத்தின் பாதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலுதம்பியோடு சேர்ந்து, பாசிப்பயறைத் தாக்கும் மஞ்சள் தேமல் வைரஸைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். பிறகு கேம்பிரிட்ஜில், செடிகளின் சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் பால்கோமின் ஆய்வகம். அதன் பிறகு பெங்களூர். மஞ்சள் விழுந்த பயறுச் செடியைப் பார்த்து வயிறு எரியாத உழவர் தமிழ்நாட்டில் கிடையாது. வைரஸை எதிர்த்துச் செடி ஏந்தும் ஆயுதமும் இதே சிறு ஆர்.என்.ஏ. வகைதான். என்.சி.பி.எஸ். ஆய்வகம் 2019இல் கருநிறத் திராட்சை வரைக்கும் போனது. நிறமி மிகுந்த திராட்சையில் மிர்-828, மிர்-858 இரண்டும் மிகுந்திருப்பதையும், நிறத்தைத் தடுக்கும் புரதத்தை அவை அடக்கிவைப்பதையும் காட்டினார்கள். தடுப்பவரைத் தடுப்பதால் நிறம் ஏறுகிறது.

காட்டு நெல்லைக் காப்பாற்ற வேண்டும்

பெங்களூரின் நெல் ஆய்வு முழுவதும் ஓர் ஒப்பீட்டின் மேல் நிற்கிறது. வயல் நெல்லை மட்டும் எவ்வளவு ஆழமாகப் படித்திருந்தாலும் மிர்-397 அடங்கிப்போனது கண்ணில் பட்டிருக்காது. இல்லாததை இல்லை என்று சொல்ல, அது இருக்கும் செடி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். காட்டு நெல் இருந்ததால் தெரிந்தது.

இதற்கு முன்பும் அது நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. 1970களில் ஆசியா முழுதும் நெல்லைத் தாக்கிய புல்குட்டை வைரஸுக்கு எதிர்ப்பு தேடி, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தது. தாங்கி நின்றது உத்தரப்பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரி. அந்தக் குணத்தைச் சேர்த்துத்தான் அந்நிலையத்தில் குர்தேவ் குஷ்ஷின் குழு 1976இல் ஐ.ஆர்-36ஐ வெளியிட்டது. 1980களில் உலகிலேயே மிகப் பரவலாகப் பயிரான நெல் ரகம் அது.

அப்படிப்பட்ட காட்டு நெல் வளரும் இடங்கள் குளத்தங்கரை, ஏரி உள்வாய், சாலையோரப் பள்ளம். பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் முதலில் மண் கொட்டித் தூர்க்கப்படுவது இவைதான். வயலுக்குள் முளைத்தால் காட்டு நெல் களைதான், பிடுங்கத்தான் வேண்டும். உழவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஏரிக்கரையில் மீசை நீண்ட நெல்லைப் பார்த்தால் அழிக்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கிக்கோ டெல்லியின் தேசிய தாவர மரபணு வளப் பணியகத்துக்கோ பக்கத்து வேளாண் கல்லூரிக்கோ சொல்லுங்கள். கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களை ஒருமுறையாவது அந்தக் கரைக்கு அழைத்துப் போங்கள். ஏரி சீரமைப்புக்கு ஒப்பந்தம் போடும் அதிகாரிகள், கரையை முழுக்கக் கல் பாவி மூடுவதற்கு முன், அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று தாவரவியல் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.